படக்கதை வாங்கும் நூலகர் யாரைக் கேட்பது: விலைப்பட்டியலையா, பிரெஞ்சுத் தரவுத்தளத்தையா, பழைய வாசகரையா?

புதுச்சேரியில் நான் பணிபுரியும் சிறு நூலகத்துக்குப் படக்கதைகள் வாங்கும்போது, தகவலுக்காக மூன்று இடங்களை நாடுகிறேன்.

முதலாவது, பதிப்பாளரின் விலைப்பட்டியல். தலைப்பு, விலை, பக்க எண்ணிக்கை ஆகியவை அதில் கிடைக்கும். கொள்முதலுக்கு அவை போதும். ஆனால் கதை எந்த வயதினருக்கானது என்பது அதில் பெரும்பாலும் இராது. 'காமிக்ஸ்' என்ற சொல்லை மட்டும் நம்பிச் சிறுவர் அலமாரியில் நான் வைத்த நூலொன்றை, ஒரு தாய் இரண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்து, ஒருவர் சுடப்பட்டு விழும் பக்கத்தை என் மேசையில் விரித்துக் காட்டினார். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பும் இங்கே கைகொடுக்காது. சிறுவர் படக்கதையும் பெரியவர்களுக்கான கிராஃபிக் நாவலும் 741.5 என்ற ஒரே எண்ணின்கீழ் வந்துவிடுகின்றன.

இரண்டாவது, பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வரும் கதைகளின் மூலத்தை அறிய, பெடெதெக் போன்ற பிரெஞ்சுப் படக்கதைத் தரவுத்தளங்களும் பிரான்சு தேசிய நூலகத்தின் பட்டியலும். ஆல்ப வரிசை (தொடரின் ஒவ்வொரு நூலும் ஓர் ஆல்பம்), கதாசிரியர், ஓவியர், முதல் பதிப்பின் ஆண்டு ஆகியவற்றுக்கு இவற்றைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. பிரெஞ்சு படித்தவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும் ஊர் என்பதால், புரியாத வரியை உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடிகிறது. சிக்கல் பெயரில்தான். கௌபாய் கதை நாயகன் 'புளூபெரி' தமிழில் 'கேப்டன் டைகர்' ஆகிவிட்டார். வான் ஆம் எழுதி வான்ஸ் வரைந்து 1984இல் தொடங்கிய '13' என்னும் தொடர், தமிழில் 'இரத்தப் படலம்'. தமிழ்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே தேடினால் ஒன்றும் அகப்படாது.

அந்த இடைவெளியை நிரப்புபவர் மூன்றாமவரான பழைய வாசகர். 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கிய நாள்முதல் இதழ்களைச் சேர்த்துவரும் பெரியவர் ஒருவர், கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் தமிழ்த் தலைப்பும் வலப்பக்கம் மூலத் தலைப்பும் எழுதி வைத்திருக்கிறார். ஐ.எஸ்.பி.என் என்னும் நூல் அடையாள எண் இல்லாத பழைய இதழ்களை அடையாளம் காண எனக்கு அந்த நோட்டே முதல் ஆதாரம். எதை வாங்குவது என்று கேட்டால் மட்டும் அவர் கௌபாய் கதைகளைத் தாண்டி வருவதில்லை. நூலகத்துக்கு வரும் கல்லூரி மாணவியர் கேட்பதோ வரலாறும் தன்வரலாறும்.

ஆகவே கதையின் அடையாளத்துக்கு வாசகரையும், அதைச் சரிபார்க்கப் பிரெஞ்சுத் தரவுத்தளத்தையும், விலைக்கு மட்டும் பட்டியலையும் நாடுகிறேன். வயதைப் பொறுத்தவரை மூன்றையும் நம்புவதில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றுமுன் நூலை முழுவதும் படித்துவிட்டு, மூலத் தலைப்பையும் ஆல்ப எண்ணையும் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பென்சிலால் குறித்துவைக்கிறேன்.