புக் ஆஃப் டெட் ஸ்லாட்: எந்த ஆர்டிபி-யில் ஓடுகிறது?

ப்ளேன் கோ நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 'புக் ஆஃப் டெட்' 5 ரீல் (சின்னங்கள் சுழலும் பத்தி), 3 வரிசை, 10 லைன் (பரிசு கணக்கிடும் கோடு) கொண்ட ஸ்லாட், அதாவது சின்னங்கள் பொருந்தினால் பணம் தரும் சூதாட்டம். புத்தகச் சின்னம் மூன்று விழுந்தால் 10 இலவசச் சுற்று. அந்தச் சுற்றுகளில் ஏதாவது ஒரு சின்னம் ரீல் முழுக்க விரியும். மறுபடி மூன்று புத்தகம் வந்தால் இன்னும் 10. படங்கள் பழசாகிவிட்டன, ஆனால் ஆட்டம் நன்றாகவே கட்டப்பட்டிருக்கிறது. (இந்தியாவில் 2025-இல் வந்த சட்டப்படி பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை. இந்தக் குறிப்பு பிரிட்டன் போன்ற இடங்களில் உரிமம் பெற்ற தளங்களில் ஆடுபவர்களுக்கு.)

ஆர்டிபி ('ரிட்டர்ன் டு பிளேயர்') என்பது கட்டிய மொத்தப் பந்தயத்தில் சராசரியாக ஆட்டக்காரர்களுக்குத் திரும்பும் சதவீதம். "ஆர்டிபி 96.21%" என்றுதான் எங்கும் போட்டிருப்பார்கள். அது ஒரு பதிப்பு மட்டுமே. 94.25, 91.25, 87.25, 84.18 என்றும் பதிப்புகள் உண்டு. எதை ஓட்டுவது என்பது தளம் நடத்துபவர் கையில். படமும் இசையும் ஒன்றுதான் என்பதால் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. இதை ஆட்டக்காரர் கண்ணில் படும்படி போடாதது பெரிய குறை.

வித்தியாசம் எவ்வளவு? ஒரு சுற்றுக்கு 1 பவுண்டு, 6 விநாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 600 பவுண்டு சுழல்கிறது. 96.21-இல் சராசரி இழப்பு 22.74 பவுண்டு. 84.18-இல் 94.92. நான்கு மடங்குக்கும் மேல்!

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 100 பவுண்டு போட்டால் 96 திரும்பி வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. சதவீதம் கணக்கிடப்படுவது நீங்கள் கட்டிய மொத்தப் பந்தயத்துக்கு, டெபாசிட்டுக்கு அல்ல. ஜெயித்த காசையே திரும்பத் திரும்பக் கட்டும்போது ஒவ்வொரு முறையும் 3.79% கழிகிறது. கடைசிவரை ஆடினால் 100 பவுண்டு சராசரியாக 2,638 சுற்றில் தீரும். 84.18 பதிப்பில் 632 சுற்றுதான். அதுகூட ஒரு சிலருக்கு விழும் பெரிய பரிசு தூக்கிவிட்ட சராசரி, பெரும்பாலோருக்கு அதற்கு முன்பே தீர்ந்துவிடும். இந்த ஆட்டத்தின் ஏற்ற இறக்கம் அப்படி: உச்சப் பரிசு பந்தயத்தின் 5,000 மடங்கு, இலவசச் சுற்று வராவிட்டால் நீண்ட வறட்சி.

சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். ஆட்டத்தை உங்கள் தளத்தில், உண்மைப் பண முறையிலேயே திறங்கள். டெமோ வேறு பதிப்பில் ஓடலாம். மெனுவில் உதவி அல்லது விதிமுறைப் பக்கத்துக்குப் போய்க் கீழே வரை தள்ளுங்கள். அங்கே 'ரிட்டர்ன் டு பிளேயர்' வரியில் எண் இருக்கும். எண்ணே இல்லையென்றால் அந்தத் தளத்தில் ஆட வேண்டாம். ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டில் 37 கட்டங்களை நீங்களே எண்ணி 97.3% என்று கணக்குப் போட்டுவிடலாம். ஸ்லாட்டில் அந்த வசதி கிடையாது, அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

96.21 என்றால் ஏற்ற இறக்கம் தாங்குபவர்கள் ஆடலாம். 94.25-க்கே யோசிக்கணும். அதற்குக் கீழே என்றால் மூடிவிடுங்கள், அதே ஆட்டம் நல்ல எண்ணில் வேறு தளத்தில் கிடைக்கும்.

ஜெயித்த பிறகு வரும் 'கேம்பிள்' பொத்தானில் சீட்டின் நிறத்தைச் சொன்னால் இரண்டு மடங்கு, இனத்தை (ஹார்ட், ஸ்பேடு போன்றவை) சொன்னால் நான்கு மடங்கு. கணக்குப்படி அதில் தளத்துக்கு லாபமில்லை. ஆனால் வந்த பரிசு ஒரே சீட்டில் போய்விடும்.