சுக்கான் கயிறு: எஃகு வடத்தைக் கழற்றி டைனீமா போட்டபின்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். என் மீன்பிடிக் கயாக்கில் (ஒடுக்கமான சிறு துடுப்புப் படகு) சுக்கானைத் திருப்பும் எஃகு வடங்களை எடுத்துவிட்டு 2 மி.மீ. டைனீமா கயிறு போட்டேன். டைனீமா என்பது மிக வலுவான ஒருவகைப் பாலிஎத்திலீன் நார். உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் சில பருவங்கள் ஓட்டியாகிவிட்டது, திரும்ப எஃகுக்குப் போகும் எண்ணம் இல்லை. ஆனால் இதில் கயிற்றுக்குச் சேரவேண்டிய பெருமை பாதிதான். மீதி, கயிறு ஓடும் பாதையைச் சீர்செய்ததில் இருக்கிறது. அதைச் செய்யாமல் வெறும் கயிற்றை மட்டும் மாற்றினால் புதுக்கயிறும் பழைய இடத்திலேயே அறும்.

என்னுடையது மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை, பாலிஎத்திலீன் உடல். இரண்டு கால்மிதிகள் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். ஒவ்வொரு மிதியிலிருந்தும் ஒரு வடம் உடலுக்குள் உள்ள பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பின்முனைக்குப் போய்ச் சுக்கான் தலையில் மாட்டிக்கொள்ளும். சுக்கானைத் தூக்கவும் இறக்கவும் தனியாக இன்னொரு கயிறு. பெடல் மிதித்து ஓட்டும் கயாக்கில் கைப்பிடி ஒன்றைத் திருப்பிச் சுக்கானை ஆட்டுவார்கள், அங்கேயும் பெரும்பாலும் இதே மாதிரி இரண்டு கயிறுகள்தான்.

மீன் பிடிக்கப் போகிறவர் சுக்கானை வேலை வாங்கும் விதம் வேறு. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஈடுகொடுத்து ஒரே இடத்தில் நிற்கப் பார்ப்போம், தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போவோம். மணிக்கணக்கில் கால் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கும். அதனால் கயிறு முழு நீளத்திலும் தேய்வதில்லை. வளைவில் படும் அதே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் போய்வந்து போய்வந்து தேய்கிறது. அறுந்த வடத்தை எடுத்துப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் புதுசு போலவே இருக்கும்.

எஃகு வடம் எப்படிக் கெடுகிறது என்பதை நிதானமாகப் பார்ப்பது நல்லது. ‘துருப்பிடிக்காத’ எஃகு என்கிறோம். அதன் மேல் இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம்தான் அதைக் காக்கிறது. கீறல் விழுந்தால் அந்தப் படலம் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். வடத்தின் நுனியை வளைத்து நெரித்து மூடும் குழலுக்குள்ளும், மேலே பூசிய பிளாஸ்டிக் உறைக்குள்ளும் உப்புத் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்கிறது, காற்று போவதில்லை. அரிப்பு தொடங்குவது அங்கேதான். 316 ரக எஃகில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் 304-ஐவிட உப்பைத் தாங்கும். என்றாலும் இந்த மாதிரி இடுக்கில் அதுவும் முழுக்கத் தப்பாது. நெரிகுழல் அலுமினியம் என்றால் இன்னும் மோசம். எஃகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிவிடும்.

என் வடம் அறுந்ததும் அப்படித்தான்: சுக்கான் பக்கத்து நெரிகுழலுக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வெளியே ஒரு பழுப்புக் கோடு மட்டும்தான் அடையாளம். எஃகு வடத்தில் எனக்குப் பிடிக்காத குணம் இதுதான், கடைசிவரை நல்லா இருப்பதுபோலக் காட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் அறுந்தால் அந்தப் பக்கம் சுக்கான் திரும்பாது, மறுபக்கம் திருப்பினால் நேராக வருவதற்குத் தண்ணீரின் தள்ளலைத்தான் நம்பவேண்டும். சுக்கானைத் தூக்கிவிட்டுத் துடுப்பாலேயே கரை சேர்வதுதான் வழி. அலை இருக்கும்போது பின்முனைக்குத் தவழ்ந்துபோய்ச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

சரி, மாற்றாக என்ன போடலாம்? நைலான் வேண்டவே வேண்டாம். இழுத்தால் நீளும், தண்ணீரை உறிஞ்சி இன்னும் நீளும், மிதி முழுக்கப் போயும் சுக்கான் பாதிதான் திரும்பும். பாலியஸ்டர் பரவாயில்லை, ஆனால் அதைத் தூக்கு கயிற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். திருப்பும் கயிற்றுக்கு டைனீமாதான் என் தேர்வு. எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலு, தண்ணீரை உறிஞ்சாது, மிதக்கும், துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை. தரமான 2 மி.மீ. கயிறு முந்நூறு கிலோவுக்கு மேல் தாங்கும். முடிச்சுப் போட்டால் அதில் பாதி போய்விடும். போனாலும் கால் கொடுக்கும் இழுவைக்கு மிச்சம்தான். தடித்த பின்னல் தூண்டில் நரம்பையே போட்டுக்கொள்பவர்களும் உண்டு. நார் ஒன்றுதான் என்றாலும், மிக மெல்லியதாக இருந்தால் குழாயின் விளிம்பை அது அறுத்துப் பள்ளமாக்கிவிடும். ஆகவே கொஞ்சம் தடிமனாகவே போகலாம்.

இப்போது பாதை. எஃகு வடம் ஓடிய குழாயின் வளைவுகளில், முக்கியமாக வாய்ப்பகுதியில், அது தோண்டிய பள்ளம் இருக்கும். சுக்கான் தலையில் கயிறு மாட்டும் துளையின் விளிம்பும் கூராகியிருக்கும். கொஞ்சம் பஞ்சை எடுத்து அந்த இடங்களில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் கயிறு அறும். துளை விளிம்பை வட்ட அரத்தால் மழுக்கி, 400 எண் உப்புத்தாளால் வழுவழுப்பாக்கினேன். குழாய் வாயில் பள்ளம் ஆழமாக இருந்ததால் அந்த நுனியை வெட்டிவிட்டு, புது வாயைத் தேய்த்து உருட்டினேன். குழாய் முழுக்கவே கெட்டிருந்தால் குழாயையும் மாற்றத்தான் வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரால் குழாயை அலசினேன். உள்ளே இருந்து வந்த மணலும் உப்புத்துகளும் கொஞ்சநஞ்சமல்ல. எண்ணெய், கிரீஸ் எதுவும் உள்ளே விடவில்லை. டைனீமா ஏற்கனவே வழுக்கும் பொருள், கிரீஸ் போட்டால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

கயிற்றைக் கோப்பதில் ஒரே விதி: பழையதை வெளியே உருவிவிடாதீர்கள். அதன் நுனியையும் புதுக்கயிற்றின் நுனியையும் முட்டவைத்து, நூலால் நாலு தையல் போட்டு, மின்நாடாவால் மெல்லிசாகச் சுற்றி இழுத்தால் பழையதே புதியதைக் கூட்டி வந்துவிடும். முடிச்சு போட்டால் குழாய்க்குள் சிக்கும். வடம் ஏற்கனவே வெளியே வந்துவிட்டதா? தையல் நூலின் நுனியில் சின்னப் பஞ்சு உருண்டை கட்டிக் குழாயின் ஒரு வாயில் விட்டு, மறுவாயில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை வைத்தால் நூல் ஓடிவந்துவிடும். பிறகு நூலால் கயிற்றை இழுக்கலாம். புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் விறைப்பான நைலான் நரம்பைத் தள்ளியும் பார்க்கலாம், வளைவு குறைவான குழாய் என்றால் சுலபமாகப் போகும். டைனீமாவை வெட்டும்போது வெட்டும் இடத்தில் நாடா சுற்றிவிட்டுப் புதுப் பிளேடால் வெட்டுங்கள். மழுங்கிய கத்தியிடம் அது மசியாது. நுனியைத் தீயில் காட்டும் பழக்கம் இருந்தால் கவனம், 150 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகும் நார் இது. வேலை செய்யும் பகுதிக்குச் சூடு போனால் வலு போய்விடும்.

முடிச்சு விஷயத்தில் இந்தக் கயிறு கொஞ்சம் படுத்தும். மற்ற கயிறுகளில் கண்ணை மூடிக்கொண்டு போடும் சாதாரணக் கண்ணி முடிச்சு இதில் மெல்ல மெல்ல வழுக்கி அவிழும். சுக்கான் முனையில் நான் முடிச்சே போடவில்லை. உள்ளே வெறுமையான பின்னல் கயிறு என்றால் நுனியைக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே செருகிக் கண்ணி செய்யலாம். செருகும் நீளம் விட்டத்தைப்போல் எழுபது மடங்கு, அதாவது 2 மி.மீ. கயிற்றுக்குச் சுமார் 14 செ.மீ. நுனியிலிருந்து சில இழைகளை வெட்டி ஒல்லியாக்கிவிட்டு, மெல்லிய கம்பியை மடித்து அதில் நுனியை மாட்டி உள்ளே இழுக்கவேண்டும். இழுவை இல்லாதபோது நழுவாமல் இருக்க நூலால் சில தையல். பழகிவிட்டால் முடிச்சைவிட இதுவே வேகம். மேலுறை உள்ள கயிற்றில் இந்த முறை நடக்காது, அதற்கு இரட்டை எட்டு முடிச்சு போட்டு, வால் பகுதியை நீளமாக விடுங்கள்.

மிதி முனையில் நீளத்தைச் சரிசெய்ய இடம் வேண்டும். அங்கே பல கயாக்குகளில் பட்டை நாடாவும் கொக்கியும் வரும். நான் அந்த நாடாவை அப்படியே விட்டுவிட்டு அதன் கண்ணியில் கயிற்றைக் கட்டினேன். டைனீமாவை நேராகப் பிளாஸ்டிக் கொக்கியில் மாட்டினால் பிடிப்பு இல்லாமல் வழுக்கும். மாட்டுவதற்கு முன்பே கயிற்றை இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டிப் பலமாக இழுத்து வைத்தேன். பின்னல் இறுகி உட்காரும்போது வரும் நீட்சி அதில் பெரும்பாலும் போய்விடும். அப்படியும் முதல் சில பயணங்களுக்குப் பிறகு கொஞ்சம் தொய்வு வந்தது, நாடாவை இழுத்துச் சரிசெய்தேன். அதற்குப் பின் அந்தத் தொய்வு பெரிதாக வரவில்லை.

இழுவிசையைப் பற்றி ஒரு விஷயம். பாலிஎத்திலீன் சூட்டில் விரிவது எஃகைப்போல் சுமார் பத்து மடங்கு. இரண்டு மீட்டர் நீளத்துக்கு, 20 டிகிரி வித்தியாசத்தில், அரை சென்டிமீட்டர் அளவுக்கு உடல் நீளும். டைனீமாவோ சூட்டில் இம்மியளவு சுருங்கும் நார். வெயிலில் காய்ந்துகிடக்கும் கயாக்கில் கயிற்றை இழுத்து அளவாக வைத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் தொய்ந்துவிடுகிறது. குளிர்ந்தபோது இறுக்கிவைத்து வெயிலில் விட்டால் மிதியும் சுக்கானும் விறைத்துக்கொள்ளும். அதனால் கயாக்கைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு, சுக்கான் நேராகவும் மிதிகள் ஒரே இடத்திலும் இருக்கும்படி வைத்து, விரலால் அமுக்கினால் லேசாகக் கொடுக்கிற அளவில் நிறுத்துகிறேன். வீட்டுக்கு வந்ததும் நாடாவைத் தளர்த்திவிடுவேன். நெடுநேரம் சூட்டில் இழுவையோடு நின்றால் இந்த நார் மெல்ல நீளும் இயல்புடையது. சுக்கானைத் தூக்கி மடக்கிய நிலையிலும் கயிறு எங்காவது இறுகுகிறதா என்று பார்த்துவிடுங்கள். சில அமைப்புகளில் தூக்கும்போதுதான் அதிக இழுவை விழுகிறது.

தூக்கு கயிற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 3 மி.மீ. பாலியஸ்டர் போதும். கூடவே இருக்கும் எலாஸ்டிக் கயிறு வெயிலில் சீக்கிரம் செத்துவிடும், அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

ஓட்டும்போது என்ன வித்தியாசம்? மிதி மென்மையாகப் போகிறது, எஃகு குழாயில் உரசும் அந்த நறநறப்பு இல்லை, பிரிந்த கம்பி இழை விரலில் குத்துவதும் இல்லை. குறைகளும் உண்டு. மீன்பிடிக் கயாக்கில் தூண்டில் முள் எங்கே மாட்டும் என்று சொல்ல முடியாது. எஃகில் முள் மாட்டாது, நார்க்கயிற்றில் நன்றாகக் கொளுவிக்கொள்ளும். மீனை அறுக்கும் கத்தி பட்டால் எஃகு சிரிக்கும், இது வெட்டுப்படும். அதனால் தளத்தின் மேல் வெளியே தெரியும் பகுதிக்கு மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உறையாகப் போட்டிருக்கிறேன். அதன்பின் முள் தொல்லை நின்றது.

தேய்மானத்தைப் படிப்பதிலும் நார்தான் எனக்கு வசதி. மேலே பொசுபொசுவென்று லேசாக மயிர் எழுவது சாதாரணம், அது உள் இழைகளைக் காக்கவும் செய்யும். ஓரிடம் தட்டையாகி, பளபளத்து, கட்டியாக இருந்தாலோ, ஓர் இழை முழுசாக அறுந்து வெளியே நீட்டினாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. அப்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு பக்கம் புதிதாகவும் மறுபக்கம் பழசாகவும் இருந்தால் இழுவையைச் சமன்செய்வது தலைவலி. கழற்றிய பழைய கயிற்றை அளவுக்கு வைத்து, கண்ணி செய்த உதிரிக் கயிறு ஒன்றைச் சுருட்டி மூடியறைக்குள் போட்டிருக்கிறேன். கரையில் ஒதுங்கிய கொஞ்ச நேரத்தில் மாட்டிவிடலாம்.

ஒரே ஒரு வகைக்கு இந்த மாற்றம் ஒத்துவராது. சில கைப்பிடி அமைப்புகளில் உறைக்குள் ஓடும் ஒற்றைக் கம்பி, சுக்கானை இழுக்கவும் தள்ளவும் செய்யும். கயிற்றால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. அந்த அமைப்பு உங்களுடையது என்றால் அதே வகைக் கம்பியைத்தான் வாங்கிப் போடவேண்டியிருக்கும்.