கொந்தளிப்பை அளக்க விண்டா, பார்க்கரா?

சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றின் கொந்தளிப்பை அலச உட்கார்ந்தபோது கையெட்டும் தூரத்தில் இரண்டு விண்கலங்களின் தரவு இருந்தது. 1994-ல் கிளம்பிய விண்ட், 2018-ல் கிளம்பிய பார்க்கர். நான் எடுத்தது விண்ட். "இன்னும் அந்தக் கிழவியோடுதானா?" என்று சிரிக்காத ஆள் இல்லை.

பார்க்கரின் பெருமை தெரிந்ததுதான். 2024 டிசம்பரில் சூரியப் பரப்புக்கு 61 லட்சம் கி.மீ. வரை நெருங்கிய கலம். காந்தப்புல நிறமாலை, அதாவது எந்த அதிர்வெண்ணில் ஏற்ற இறக்கத்தின் ஆற்றல் எவ்வளவு என்ற வரைகோடு; அதன் சரிவு பூமிக்கருகே -5/3. சூரியனை நெருங்க நெருங்க அது -3/2 பக்கம் சாய்வதைக் காட்டியதும் அதுதான்.

என்னை விண்ட் பக்கம் தள்ளியது டெய்லர் கருதுகோள். ஒற்றைக் கலம் பதிவதோ நேரம். நமக்கு வேண்டியதோ தூரம். சுழல் உருமாறுவதற்குள் காற்று அதைக் கலத்தைத் தாண்டி அடித்துக்கொண்டு போய்விடும் என்று கொண்டால், நேரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் போதும். விண்ட் இருக்கும் எல்1 பகுதியில் (பூமிக்குச் சூரியன் பக்கமாக உள்ள ஈர்ப்புச் சமநிலைப் புள்ளி) காற்று விநாடிக்குச் சுமார் 400 கி.மீ., காற்றுக்குள் காந்த அலைகள் ஓடும் ஆல்ஃபென் வேகம் 50-ஐ ஒட்டி. 100 விநாடி ஏற்ற இறக்கமா? 40,000 கி.மீ. சுழல் என்று தயங்காமல் எழுதலாம்.

பார்க்கரிலோ அதே 100 விநாடிக்கு விடை சொல்ல நான் திணறினேன். 2021 ஏப்ரலில் அது ஆல்ஃபென் எல்லைக்குள்ளேயே போனது; அங்கே காற்றைவிட அலைக்கு வேகம் அதிகம். போதாக்குறைக்குக் கலமே குறுக்கே பாய்கிறது, 2024 நெருக்கத்தில் விநாடிக்கு 190 கி.மீ.க்கு மேல். காற்று, அலை, கலம் மூன்றையும் திசையோடு கூட்டிக் கழிக்க வேண்டும். அலைகளில் பெரும்பாலானவை வெளிநோக்கியே போவதால் அலையின் வேகத்தையும் சேர்த்துத் திருத்திய டெய்லர் கருதுகோள் ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால் நான் போட்டுப் பார்த்தது ஒரே ஒரு நெருக்கத்தின் தரவில், அதனால் இதில் என் தீர்ப்பைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

இன்னொன்று, பார்க்கருக்குச் சூரியனிலிருந்து உள்ள தூரம் நாளுக்கு நாள் மாறும். நீண்ட சராசரி எடுத்தால் வெவ்வேறு காற்றுகள் கலந்துவிடும். விண்டில் அந்தத் தொல்லை இல்லை. 2004-க்கு முந்தைய கோப்புகளில் மட்டும் கலம் பூமியின் காந்தமண்டலத்துக்குள் புகுந்த நாள்களைக் களைந்துவிடுங்கள். நான் களையாமல் ஓட்டி, நிறமாலையில் முளைத்த மேட்டை இரண்டு நாள் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விண்டின் காந்தமானி விநாடிக்கு 11 மாதிரிதான் தரும். அயனிகள் காந்தப்புலத்தைச் சுற்றும் வட்டத்தின் அளவுக்குக் கீழே, எலக்ட்ரான் வரை இறங்குவதுதான் வேலை என்றால் பார்க்கருக்கே போங்கள்.