சித்தி ஒதுக்கி வைத்த டம்ளர்

இந்த முறை சிங்கப்பூரில் இருந்து ஊருக்குப் போனது கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ இல்லை. மயிலாடுதுறையில் இருக்கும் சித்திக்கு மார்பில் கட்டி எடுத்து, கீமோ நடந்துகொண்டிருந்தது. 3 வாரம் லீவு போட்டுவிட்டுப் போனேன். இதே நிலையில் வெளிநாட்டில் இருந்து கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்று, பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

பணம், பயணம் இரண்டிலும் பெரிய குறை இல்லை. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. சித்தியின் மகன், எனக்குத் தம்பி, அந்த அட்டையை முன்பே எடுத்து வைத்திருந்தான். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு சலுகை. மருத்துவமனையில் படிவம் வாங்கிக்கொண்டு ரயில்வே கவுண்டரில் கொடுத்தால் போதும். நிறைய பேர் இது தெரியாமல் முழுப் பணமும் கட்டிப் போய் வருகிறார்கள்.

மனசு விஷயத்தில்தான் எங்களுக்குக் கைகொடுக்க ஆள் இல்லாமல் போனது.

சிகிச்சை சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில். நான் போன முதல் தடவை, காலை 6 மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். 11 மணிக்கு மேல், "கவுண்ட் இறங்கியிருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ரத்த அணுக்கள் குறைந்திருக்கின்றன என்று அர்த்தம். ஊசி இல்லையென்றால் நிம்மதிதானே என்று நான் நினைத்தேன். சித்தி வராந்தாவிலேயே அழுதுவிட்டார். சிவப்பாக இருக்கும் அந்தக் கீமோ மருந்துக்கு மனசைத் தயார் பண்ண அவருக்கு மூன்று ராத்திரி தூக்கம் போயிருந்தது. இனி மறுபடியும் முதலில் இருந்து. (முந்தின நாளே ஊரில் ரத்தப் பரிசோதனை எடுத்து முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று கேட்டதற்கு, தாராளமாக அனுப்பலாம் என்றார்கள். அதை யாரும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.)

டாக்டர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பேசியதெல்லாம் தம்பியிடம்தான். "அம்மா சாப்பிடுறாங்களா? தூங்குறாங்களா?" அம்மா அவருக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். 'புற்றுநோய்' என்ற சொல்லைச் சித்தி காதில் போடக் கூடாது என்று குடும்பமே முடிவு பண்ணியிருந்தது. போனில் நானும் அதற்குச் சரி என்றுதான் சொன்னேன். தப்பு. ரயிலில் திரும்பி வரும்போது சித்தி மெதுவாகச் சொன்னார்: "போர்டெல்லாம் தமிழ்லதானே எழுதியிருக்கான் பாப்பா. எனக்குப் படிக்கத் தெரியாதா? தம்பி தாங்க மாட்டான்னு தெரியாத மாதிரி இருக்கேன்." அவனும் அவரும் ஒரே வீட்டில் ஒருவரிடம் ஒருவர் மறைத்துக்கொண்டு இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் ஒரு நர்ஸ் சொல்லித்தான் அங்கே மன ஆலோசகர் இருப்பதே தெரிந்தது. காப்பீட்டு கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு தட்டி மறைப்பு, அவ்வளவுதான் அறை. ஆனால் அந்தப் பெண் வேலை தெரிந்தவர். 0 முதல் 10 வரை கோடு போட்ட தெர்மாமீட்டர் படம் ஒன்றைக் காட்டி, இந்த வாரம் மனக்கஷ்டம் எவ்வளவு என்று கேட்டார். சித்தி 2 என்றார். எங்கள் இருவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவர் மறுபடி கேட்டபோது, 8. அந்த அளவில் 4-ஐத் தொட்டாலே உட்கார்ந்து பேச வேண்டுமாம்.

8 எதனால் என்று சித்தியே அன்று இரவு சொன்னார். நோய் பேரனுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். அடுக்களை ஜன்னலில் ஓர் எவர்சில்வர் டம்ளர் தனியாகக் கவிழ்த்துக் கிடப்பதை நான் வந்த அன்றே பார்த்தேன், எதற்கென்று கேட்கவில்லை. இரண்டு மாதமாக அதில்தான் குடித்து, தானே கழுவி, பேரனுக்குச் சோறு ஊட்டுவதையும் நிறுத்தியிருக்கிறார். தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ புற்றுநோய் பரவாது என்று ஆலோசகர் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதைச் சொல்ல ஆள் கிடைக்கத்தான் இரண்டு மாதம் ஆனது.

1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். நோயாளிகளின் மனநலத்துக்கு அங்கே தனித் துறையே இருக்கிறது. வேறு இடத்தில் பார்க்கிறவர்கள், கவுன்சலர் இருக்கிறாரா என்று முதல் நாளே வாய்விட்டுக் கேளுங்கள். ராத்திரியில் மனசு கலங்கினால் 14416 இருக்கிறது: டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் "தைரியமா இருங்க" என்றார்கள். அதைக் கேட்டதும் சித்தி வாயை மூடிக்கொள்வார். பயமாக இருக்கிறது என்று அதற்கப்புறம் எப்படிச் சொல்ல? அவருக்குத் தெம்பு வந்தது வேறு இடத்தில் இருந்து. கீமோ வார்டில் பக்கத்து நாற்காலியில் விழுப்புரத்துப் பெண் ஒருவர், சித்திக்கு ஓர் ஊசி முன்னால் போகிறவர். சிவப்பு மருந்து ஏறினால் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயந்துவிடாதீர்கள் என்று முதல் நாளே சொன்னவர் அவர்தான். தினமும் சாயங்காலம் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

அப்புறம் தேதித்தாள். சாப்பாடு, தூக்கம், பயம் மூன்றையும் தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார் ஆலோசகர். சித்தி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறார். ஒன்றில் இப்படி இருந்தது: "இட்லி 2. வாய்ப்புண். தூக்கம் 3 மணி. பயம் உண்டு, தம்பிகிட்ட சொன்னேன்."

ஜன்னலில் இருந்த டம்ளர் இப்போது மற்ற டம்ளர்களோடு அலமாரியில் இருக்கிறது. பேரனுக்குச் சோறு ஊட்ட இன்னும் கொஞ்சம் தயங்குகிறார்.

கீமோ முடிந்ததும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பார்கள். வாரத்துக்கு 5 நாள், சில வாரம் சென்னையிலேயே தங்க வேண்டும். விழுப்புரத்து அம்மாவுக்கும் ஏறக்குறைய அதே சமயம்தான். இரண்டு பேரும் ஒரே அறை எடுத்துத் தங்க ஆசைப்படுகிறார்கள். தரைத்தளத்தில், சமைத்துக்கொள்ளும்படியாக ஓர் அறை தேடிக்கொண்டிருக்கிறேன்.