இன்டர்நேஷனல் பள்ளியில் ஆறு வருஷம்: ஒரு வாப்பாவின் அனுபவம்

ஷார்ஜாவில் நாலாவது வரை படித்த மகனை, ஊர் திரும்பியதும் ராமநாதபுரம் பக்கம் ஒரு கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப் பள்ளியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். ஹாஸ்டல் இல்லை என்பதுதான் எனக்கு முதல் காரணம். காலை ஏழு மணிக்கு கீழக்கரையில் வேன் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருப்பான். அவன் பத்தாவதை முடித்துவிட்டான், மகள் இப்போது ஒன்பதாவது.

இன்டர்நேஷனல் என்றால் ஏசி வகுப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தேன். 1924இல் ஜெனீவாவில், உலக நாடுகள் சங்கத்தில் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள். இந்த வகைக்கு அது ஒரு முன்னோடி. எங்கள் பிள்ளைகள் பத்தாவதில் எழுதும் ஐஜிசிஎஸ்இ பரீட்சையை, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் 1988இல் கொண்டுவந்தது. வேலைக்காக நாடு மாறியவர்களின் பிள்ளைகளுக்கு என்று பார்த்தால், பாதி வீடு வளைகுடாவில் இருக்கும் கீழக்கரைக்குப் பொருத்தம்தான்.

கட்டணம் அதிகம். பரீட்சைக்குப் பாடவாரியாகத் தனியாகக் கட்டவேண்டும், இதைச் சேர்க்கும்போது யாரும் அழுத்திச் சொல்லவில்லை. சான்றிதழில் எழுத்துதான் வரும். 'ஏ ஸ்டார்னா எத்தனை மார்க்?' என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீட் நினைப்பு இருந்தால் நன்றாக யோசித்துச் சேருங்கள், அது வேறு பாடத்திட்டம்.

எனக்குப் பிடித்தது புவியியல். வினாத்தாளில் 'நீங்கள் படித்த ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி விளக்குக' என்று ஒரு கேள்வி வரும், ஏழு மதிப்பெண். எந்த இடம் என்பது பள்ளியின் விருப்பம். பாடப்புத்தகத்தில் இங்கிலாந்துக் கடற்கரை இருந்தது. மகனுடைய டீச்சர் அதை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகளை வேனில் ஏற்றி தனுஷ்கோடிக் கடைசியில் இருக்கும் அரிச்சல்முனைக்குக் கூட்டிப்போனார். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, ஆண் கடல், அலை அடித்துக்கொண்டே இருக்கும். மறுபக்கம் பாக் விரிகுடா, பெண் கடல், குளம் மாதிரி கிடக்கும். நடுவில் மணல் எப்படிச் சேர்கிறது, எங்கே அரிக்கிறது என்று நின்ற இடத்திலேயே படம் வரையச் சொன்னாராம். நோட்டில் அந்தப் பக்கத்தைத் தொட்டால் இன்னும் மணல் நறநறக்கிறது. கீழே 1964 டிசம்பர் புயல், கடல் அடித்துப்போன ரயில், எல்லாம் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறான். என் உம்மா சொன்ன கதையும் ஓரத்தில் இருக்கிறது.

அன்று ராத்திரி அவன், கடல்பசுவைப் பாதுகாக்க 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று படித்துக்காட்டினான். பக்கத்து வீட்டு மீன்காரர் கேட்டுவிட்டு, "ஆவுளியாவையா சொல்றே, தம்பி?" என்றார். அந்தப் பேரை டீச்சர் மறுநாள் கரும்பலகையில் எழுதவைத்தாராம்.

அடுத்த வருஷம் அந்த டீச்சர் போய்விட்டார். இங்கே ஆசிரியர்கள் தங்குவதில்லை, இதுதான் என்னுடைய பெரிய குறை. நிர்வாகத்திடம் இரண்டு தடவை பேசினேன், 'பார்க்கிறோம்' என்றார்கள். புதிதாக வந்தவர் நல்லவர்தான், ஆனால் புத்தகத்தைவிட்டு நகரமாட்டார். மகள் வகுப்பில் மறுபடியும் இங்கிலாந்துக் கடற்கரை.

சரி என்று விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. பரீட்சைக்கு காக்காவின் (அண்ணனின்) பழைய நோட்டை வைத்துத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்.