'பிளஸ் பி தாங்கும்' என்று எழுதிக் கொடுத்து விற்ற ரிவால்வர்: பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

உரிமம் வைத்திருப்பவர்கள், பழைய கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். விற்றவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு வேண்டியதைத் தெளிவாகவே கேட்டேன். .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகைக்கான ரிவால்வர் வேண்டும், அதில் பிளஸ் பி தோட்டாவை, அதாவது வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் சுடும் தோட்டாவை, தொடர்ந்து சுடுவேன், வருஷக்கணக்கில் தாங்க வேண்டும் என்றேன். அவர் எடுத்து வைத்தது கைக்கு அடக்கமான, எடை குறைந்த ரிவால்வர். பூச்சு புதுசு போல மின்னியது. "இதுல எதை வேணாலும் போடலாம் சார், கம்பெனியே சொல்லியிருக்கான்" என்றார். ரசீதில் 'பிளஸ் பி தோட்டாவுக்கு ஏற்றது' என்று தன் கையாலேயே எழுதியும் கொடுத்தார். கையேடு கேட்டதற்கு ஒரு ஜெராக்ஸ் பிரதி வந்தது. தோட்டா பற்றிய பக்கம் அதில் இல்லை. கேட்டால், நகல் எடுக்கும்போது விட்டுப்போயிருக்கும் என்றார்.

பிளஸ் பி என்பது பெட்டியில் போடும் விளம்பர வார்த்தை இல்லை, அதற்கு அளவு உண்டு. அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கி உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்தபடி, சாதாரண .38 ஸ்பெஷலைச் சுடும்போது எழும் உச்ச சராசரி அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு), பிளஸ் பி என்றால் 20,000. மற்ற தோட்டா வகைகளில், 9 மி.மீ. லூகரில் 35,000 என்பது 38,500 ஆகிறது, .45 ஏசிபியில் 21,000 என்பது 23,000. ஆக, .38 ஸ்பெஷலில்தான் ஏற்றம் விகிதத்தில் அதிகம், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்கும் மேல். 'பிளஸ் பி பிளஸ்' என்று பெட்டியில் பார்த்தால் இன்னும் கவனம் தேவை. அதற்கு எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. எந்த வரம்பும் வைக்கவில்லை. எவ்வளவு அழுத்தம் என்பது அதைச் செய்த நிறுவனத்துக்குத்தான் தெரியும்.

இந்தக் கூடுதல் அழுத்தத்தால் நல்ல நிலையில் இருக்கும் துப்பாக்கி முதல் நாளே வெடித்துவிடாது. அதனால்தான் "நாலு ரவுண்டு சுட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்று விற்பவரால் தைரியமாகச் சொல்ல முடிகிறது. சேதம் உள்ளுக்குள் சேர்ந்துகொண்டே போகும். எஃகு ஒரு அளவுக்குட்பட்ட சுமையை எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியக் கலவைக்கு அப்படிப்பட்ட எல்லை கிடையாது, ஒவ்வொரு சுடுதலும் அதன் ஆயுளில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். எனக்கு விற்ற ரிவால்வரின் ஃப்ரேம், அதாவது எல்லாப் பாகங்களையும் தாங்கும் உடல், அலுமினியம்.

முதலில் குறி சிதற ஆரம்பித்தது. அப்புறம் ஒரு நாள் சுத்தம் செய்து துடைத்து வைத்தபோது, பேரல் (குண்டு வெளியேறும் குழல்) ஃப்ரேமில் திருகி நுழைகிற இடத்துக்கு நேர் கீழே முடி மாதிரி ஒரு எண்ணெய்க் கோடு தெரிந்தது. துணியால் துடைத்தேன், போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் அதே கோடு மறுபடி ஊறி வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் விரிசல். அந்த இடத்தில் ஃப்ரேமின் சுவர் மிக மெல்லியது. சின்ன அலுமினிய ரிவால்வர்களில் விரிசல் விழும் இடம் பெரும்பாலும் அதுதான். பேரலை அளவுக்கு மீறி முறுக்கிப் பொருத்தியிருந்தாலும் அங்கேதான் விழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஆயுதத் தொழிலாளி ஒருவர் அதைப் பிரித்தபோது இன்னொன்று வெளிவந்தது. தோட்டாக்களை வைத்துச் சுழலும் சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடாமல் இருக்க உள்ளே மெல்லிய வாஷர்கள் போட்டிருந்தார்கள். யாரோ நன்றாகச் சுட்டுத் தேய்த்த துப்பாக்கியை, ஆட்டத்தை மறைத்து, மேலே புதுப் பூச்சு அடித்து எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வரிசை எண்ணைத் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். அந்த மாடல் சாதாரண அழுத்தத் தோட்டாவுக்கு மட்டும் செய்தது, அந்தப் பூச்சும் தங்களுடையது இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது.

விற்றவரிடம் போனால், "நீங்களே மருந்து நிரப்பின தோட்டா போட்டிருப்பீங்க" என்கிறார். தொழிற்சாலைத் தோட்டாப் பெட்டிகளையும் சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளையும் வைத்திருக்கிறேன். கூட்டின் அடியில் '+பி' முத்திரை அழகாகத் தெரிகிறது. அதைக் காட்டியதும், "அப்படின்னா நீங்க ரொம்ப சுட்டுட்டீங்க" என்று பேச்சு மாறியது. நிறையச் சுடத்தான் கேட்டு வாங்கினேன்.

சரி, பிளஸ் பி தொடர்ந்து சுட என்னதான் வாங்குவது? .38-இல் நான் சொல்வது எஃகு ஃப்ரேம் உள்ள .357 மேக்னம் ரிவால்வர். அதில் .38 ஸ்பெஷலும் பொருந்தும். மேக்னத்தின் வரம்பு 35,000 பிஎஸ்ஐ, எனவே பிளஸ் பி அதற்குப் பாதிக்குச் சற்று மேல்தான். அதற்காக அதில் முழு மேக்னம் தோட்டாவைக் கணக்கில்லாமல் சுடலாம் என்று அர்த்தமில்லை. அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 'கே ஃப்ரேம்' என்ற நடுத்தர அளவு மேக்னம் ரிவால்வர்களில் பேரலின் பின்வாய்க்கு அடிப்பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். எடை குறைந்த, வேகமான குண்டுகளைத் தொடர்ந்து சுட்டவர்களுக்கு அங்கே விரிசல் விழுந்தது. 1980களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் கனமான எல் ஃப்ரேமைக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிஸ்டலும் விதிவிலக்கில்லை. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவத்தின் பெரெட்டா பிஸ்டல்கள் சிலவற்றில் ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) உடைந்து, பின்பாதி சுட்டவர் முகத்தை நோக்கி வந்தது. உடைந்தாலும் அது பின்னால் பறந்துவிடாமல் தடுக்க, 92எஃப்எஸ் மாடலில் சுத்தியலைத் தாங்கும் அச்சாணியின் தலையைப் பெரிதாக்கினார்கள். இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இப்படி என்றால், பழைய பிஸ்டலில் ரீகாயில் ஸ்பிரிங்கை (பின்னால் போகும் ஸ்லைடைத் தாங்கி முன்னுக்குத் தள்ளும் சுருளை) கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்காமல் வாங்கவே கூடாது. ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு ஃப்ரேமில் போய் மோதும், பிளஸ் பி-யில் அந்த மோதல் இன்னும் பலமாக இருக்கும்.

கடையில் பார்க்கும்போது முதலில் தோட்டா இல்லை என்பதை உங்கள் கண்ணால் உறுதிசெய்யுங்கள். ரிவால்வர் என்றால் சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அது அசையாமல் கச்சிதமாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், எனக்கு வாஷர் போட்டுத்தான் கச்சிதமாக்கியிருந்தார்கள். பேரலின் பின்வாயில் டார்ச் அடியுங்கள், சிலிண்டருக்கு மேலே ஃப்ரேமில் தீ அரித்த கோடு ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டல் என்றால் ஸ்லைடைக் கழற்றச் சொல்லி, ஃப்ரேமின் தண்டவாளங்களையும் பேரல் பூட்டிக்கொள்ளும் மூலைகளையும் பாருங்கள். கழற்றிக் காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். பூச்சு புதிதாக இருந்தால் யார் அடித்தது என்று கேளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே வரிசை எண்ணை வாங்கித் தயாரிப்பாளருக்கு எழுதி, இந்தத் துப்பாக்கியில் பிளஸ் பி போடலாமா என்று பதில் வாங்குங்கள். கடைக்காரர் ரசீதில் எழுதித் தந்தது எனக்குப் புகாருக்கு உதவுகிறது, விரிசலைத் தடுக்கவில்லை.

என் ரிவால்வர் இப்போது ஆய்வுக்குப் போயிருக்கிறது. ரசீதின் நகல், தயாரிப்பாளரின் கடிதம், தோட்டாக் கூடுகள் எல்லாம் புகாரோடு சேர்த்துக் கொடுத்தாயிற்று. ஆனால் அதே மாதிரி ரிவால்வர், அதே பளபளப்போடு, அதே உறுதிமொழியோடு அந்தக் கடை அலமாரியில் இன்னும் இருக்கிறது. இப்படி எங்காவது மறுபூச்சு அடித்த அலுமினிய .38 வாங்கியிருந்தால், அடுத்த தோட்டா போடுவதற்கு முன் பேரலுக்கு அடியில் நன்றாகத் துடைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி பாருங்கள். கோடு ஊறினால் சுடாதீர்கள்.