மறைப்பதில் ஒரு நேர்மை: சில கொலைக் கதைகளும் ராக் கலைஞர்களின் தன்வரலாறுகளும்

அண்மையில் நான் வாசித்து முடித்த நூல்களை அடுக்கி வைத்துப் பார்த்தால், பாதி கொலைக் கதைகளாகவும் மீதி ராக் இசைக் கலைஞர்களின் தன்வரலாறுகளாகவும் இருக்கின்றன. முன்னவை முழுக்கக் கற்பனை. பின்னவை நடந்ததை நடந்தபடி சொல்வதாக வாக்களித்துவிட்டுத் தொடங்குபவை. ஆயினும் ஒன்று விட்டு ஒன்றாக வாசித்துவந்தபோது இரண்டையும் ஒரே கோலால் அளக்கலாம் என்று தோன்றியது. கதை சொல்பவர் நம்மிடமிருந்து எதை மறைக்கிறார், அப்படி மறைப்பதில் நேர்மையாக நடந்துகொள்கிறாரா என்பதே அந்தக் கோல். துப்பறியும் கதைகளுக்கு இதை விதியாகவே எழுதி வைத்தவர் ரொனால்ட் நாக்ஸ். பாதிரியாரும் மர்மக்கதை ஆசிரியருமான அவர் 1929இல் வகுத்த பத்துக் கட்டளைகளில், துப்பறிபவர் கண்ணில் பட்ட தடயம் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பதும், அவருடைய தோழராக வருபவர் தம் மனத்தில் ஓடும் எண்ணத்தை ஒளிக்கக் கூடாது என்பதும் உண்டு. கிட்டார் வாசிப்பவர்களுக்காக நாக்ஸ் எதையும் எழுதவில்லைதான். ஆனால் அவர்களுடைய நூல்களிலும் இந்த விதியை வைத்துப் பார்ப்பது சுவையாக இருக்கிறது.

கொலைக் கதைகளில் என்னை முற்றிலும் ஆட்கொண்டது கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஜப்பானில் 2005இல் நூலாக வந்து நவோகி விருது பெற்றது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல் வெளிவந்தது. கொலை யாரால், எங்கே, எப்படி நடந்தது என்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தேடி வந்து தொல்லை கொடுக்கும் முன்னாள் கணவனை யாசுகோ என்ற பெண்ணும் அவளுடைய மகளும் தங்கள் வீட்டுக்குள்ளேயே கொன்றுவிடுகிறார்கள். அடுத்த வீட்டில் தனியாக வாழும் கணித ஆசிரியர் இஷிகாமி கதவைத் தட்டி உதவிக்கு வருகிறார். அதன்பின் காவல்துறை கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை ஆயத்தமாக இருக்கிறது. எல்லாம் தெரிந்த பிறகு எஞ்சியிருப்பது என்ன என்ற எண்ணத்தோடுதான் பக்கங்களைப் புரட்டுகிறோம். நாம் அப்படி எண்ணிக்கொண்டிருப்பதே ஆசிரியருக்குத் தேவையாக இருக்கிறது.

முதல் அத்தியாயத்தில் இஷிகாமி பள்ளிக்கு நடந்து போகும் பகுதியை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். சுமிதா ஆற்றங்கரையில் நீல நிற விரிப்புகளால் கூடாரம் அமைத்து வாழும் வீடற்றவர்கள், காலி டப்பாக்களை நசுக்கிக்கொண்டிருக்கும் ஒருவர், வழியில் மதிய உணவு வாங்கும் கடை என்று, எந்த நாவலிலும் சூழல் விவரிப்பாக வரக்கூடிய சில பக்கங்கள்தாம் அவை. நடுவில் ஓரிடத்தில், தாம் தயாரிக்கும் தேர்வுக் கேள்விகளைப் பற்றி இஷிகாமி பேசுகிறார்: வடிவியல் கணக்கைப் போலத் தோற்றம் தரும், உண்மையில் அது இயற்கணிதக் கணக்காக இருக்கும், பழக்கத்தின் போக்கில் யோசிப்பவர்கள் தவறான வழியில் போய் மாட்டிக்கொள்வார்கள். இதைவிட வெளிப்படையாக ஓர் ஆசிரியர் தம் கையிருப்பைக் காட்ட முடியாது. அப்படியும் இறுதியில் முடிச்சு அவிழும்போது நாம் தவறான கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது தெரியவருகிறது. நாக்ஸ் இதற்கு முழு மதிப்பெண் போட்டிருப்பார். குறை சொல்ல வேண்டுமென்றால், யாசுகோவின் உள்ளம் போதிய அளவுக்குத் திறந்து காட்டப்படவில்லை. அவளைச் சுற்றியே எல்லாம் நடந்தும் அவள் பெரும்பாலும் அஞ்சுபவளாகவே நின்றுவிடுகிறாள். மொழிபெயர்ப்பின் நடையும் சற்று வறண்டது. கடைசி இரண்டு பக்கங்களில் அந்த வறட்சியே பெரும் பலமாகிவிடுகிறது என்பது வேறு செய்தி.

ஜில்லியன் ஃப்ளின்னின் 'கான் கேர்ள்' 2012இல் வந்தபோது இருந்த பரபரப்பு அடங்கிய பிறகு வாசிப்பது நல்லதாயிற்று. ஐந்தாவது திருமண நாளன்று மனைவி காணாமல் போகிறாள். கணவன் நிக் சொல்வதும் மனைவி ஏமியின் நாட்குறிப்பும் மாறி மாறி வருகின்றன. காவல்துறையிடம் தான் சொன்ன பொய் இது எத்தனையாவது என்று நிக் நம்மிடம் எண்ணிச் சொல்கிறான். பொய் சொல்வதை ஒப்புக்கொள்பவன் மேல் நமக்கு ஒருவகை நம்பிக்கை பிறந்துவிடுகிறது என்பதை ஃப்ளின் நன்றாக அறிந்திருக்கிறார். முதற்பாதி அப்பழுக்கற்றது. பிற்பாதியில் திட்டங்கள் அளவுக்கு மீறிப் பெருகி, நம்பகத்தன்மை சில இடங்களில் தளர்கிறது. பலருக்குப் பிடிக்காத அந்த முடிவு எனக்குச் சரியாகவே பட்டது. அந்த இருவருக்கும் வேறு எந்த முடிவும் பொருந்தியிருக்காது.

ஸ்டீக் லார்சனின் 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' நாவலைப் பற்றி இனிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. 2004இல் அவர் இறந்த பிறகு 2005இல் ஸ்வீடனில் வெளியான இந்த நூல், தொடங்குவதற்கு நூறு பக்கம் எடுத்துக்கொள்கிறது. மர்மம் தீர்ந்த பிறகும் நிதி மோசடிக் கதை ஒன்றை முடித்து வைப்பதற்காக நீண்டுகொண்டே போகிறது. ஆனால் நடுவில் இருப்பது உயர்ந்த தரம். 1966இல் காணாமல் போன ஹாரியட் என்ற சிறுமியைப் பற்றிப் பல்லாண்டுகள் கழித்து ஆராயும் பத்திரிகையாளர் புளூம்க்விஸ்ட், அன்று ஊரில் நடந்த ஊர்வலத்தின் பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறார். கூட்டமெல்லாம் ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஹாரியட்டின் முகம் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அவள் யாரைப் பார்த்தாள் என்பதைக் கண்டுபிடிக்க, எதிர்ப்புறத்திலிருந்து அன்று யாரேனும் படமெடுத்திருப்பார்களா என்று அவர் தேடிப் போகும் பகுதியில் துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை. ஆனாலும் நூலைக் கீழே வைக்க முடியவில்லை. இதே நாட்டின் மூத்த இணையரான மாய் ஷோவால், பெர் வாலோ எழுதிய 'தி லாஃபிங் போலீஸ்மேன்' நாவலையும் லார்சனை ரசித்தவர்கள் தேடி வாசிக்க வேண்டும். 1968இல் எழுதப்பட்டது, மார்ட்டின் பெக் என்ற காவல் அதிகாரியை வைத்து அவர்கள் 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து நாவல்களில் ஒன்று. ஸ்டாக்ஹோமில் ஒரு பேருந்துக்குள் பலர் ஒருசேரச் சுட்டுக் கொல்லப்படுவதைப் பற்றியது. வீணாகும் நாட்களும் சளியும் சலிப்புமாகக் காவல்துறையின் வேலையைக் காட்டி, ஆனால் வாசகரைச் சலிக்கவிடாத எழுத்து.

தன்வரலாறுகளுக்கு வருவோம். இங்கே முடிவு எல்லோருக்கும் தெரியும். யார் புகழ் பெற்றார், யார் பிழைத்தார், யார் இறந்தார் என்பதெல்லாம் வாங்கும் முன்பே தெரிந்த செய்திகள். ஆகவே வாசகரைப் பிடித்து வைப்பதற்குச் சொல்பவரின் குரலைத் தவிர வேறு எதுவும் இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் 'லைஃப்' இதைத் தெரிந்துகொண்டு தொடங்குகிறது. 1975இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஃபோர்டைஸ் என்ற சிற்றூரில், போதைப்பொருள் திணித்துவைத்த காரோடு காவலர்களிடம் மாட்டிக்கொண்ட கதைதான் முதல் அத்தியாயம். எந்தக் குற்ற நாவலுக்கும் ஈடான தொடக்கம். பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபாக்ஸ் உடனிருந்து எழுதியது, 2010இல் வெளியானது. 1961இல் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில், சக் பெரி, மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற, பின்னாளில் அக்குழுவின் பாடகரான மிக் ஜாகரைச் சந்தித்தது, தூக்கத்தினிடையே 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டின் தொடக்க மெட்டை ஒலிநாடாவில் பதிந்துவிட்டு, காலையில் ஓடவிட்டுக் கேட்டபோது மெட்டுக்குப் பின் நாடா தீரும்வரை தம் குறட்டையே ஒலித்தது போன்றவை பலரும் கேட்டறிந்த கதைகள்தாம். அவற்றை அவர் சொல்லும்போது பழைய கதை என்ற நினைப்பே வருவதில்லை.

என் கணக்கில் இந்த நூலின் உயிர், கிட்டாரின் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு மற்ற ஐந்தையும் திறந்த ஜி சுருதியில் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டதை அவர் விளக்கும் பக்கங்களில் இருக்கிறது. விரல் வைக்காமல் மீட்டினாலே முழுச் சுரக்கட்டு ஒலிக்கும் அந்த ஏற்பாட்டில், ஒரு சுரம் ஒலித்துக்கொண்டே இருக்க மற்றவை அதன்மேல் நகர்வதை, கிட்டாரைத் தொட்டறியாதவருக்கும் விளங்குமாறு சொல்லிவிடுகிறார். இத்தகைய நூல்களில் தொழிலைப் பற்றி ஒரு பத்திகூட இல்லாமல் விருந்துகளையும் விவாகரத்துகளையும் மட்டும் எழுதிவைப்பவர்கள் அதிகம். கீத் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்லர். ஆனால் 500 பக்கங்களைத் தாண்டும் இந்த நூலின் நடுப்பகுதி, ஹெராயினும் வழக்குகளுமாக ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஜாகர் மீது அவர் வீசும் ஏளனங்கள் சிறுபிள்ளைத்தனமானவை. எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசும் இந்த மனிதர், 1976இல் இரண்டு மாதக் கைக்குழந்தையான மகனை இழந்ததைப் பற்றி மட்டும் மிகக் குறைவாகவே சொல்கிறார். அன்று குழந்தையின் அருகில் இல்லாமல் போனதற்குத் தம்மை மன்னிக்க முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அதற்கு மேல் கேட்கும் உரிமை வாசகருக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

பாடகரும் கவிஞருமான பேட்டி ஸ்மித்தின் 'ஜஸ்ட் கிட்ஸ்' வேறு உலகம். 1967இல் கையில் காசில்லாமல் நியூயார்க்கில் வந்திறங்கிய இளம்பெண்ணுக்கும், பின்னாளில் பெரும் நிழற்படக் கலைஞரான ராபர்ட் மேப்பிள்தார்ப்புக்கும் இருந்த உறவே நூலின் பொருள். காதலாகத் தொடங்கி, ராபர்ட் தாம் ஒருபால் ஈர்ப்பாளர் என்பதை உணர்ந்த பின் காதலைக் கடந்து நீடித்த உறவு அது. ராபர்ட்டைப் பற்றி எழுதுவதாக, 1989இல் அவர் இறக்கும் தறுவாயில் கொடுத்த வாக்கை பேட்டி 2010இல் நிறைவேற்றினார். அவ்வாண்டின் அமெரிக்கத் தேசிய நூல் விருதும் இதற்குக் கிடைத்தது. அருங்காட்சியகத்துக்கு ஒரு நுழைவுச்சீட்டு வாங்கத்தான் இருவரிடமும் பணம் இருக்கும். ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, வெளியே காத்திருப்பவருக்கு ஒவ்வொன்றாக விவரிப்பார். வறுமையைக் காட்டும் காட்சியாக மட்டும் இதை எழுதியிருக்கலாம்; பார்த்ததைப் பார்க்காதவருக்குச் சொல்லப் பழகிய ஒருவரின் பயிற்சிக்கூடமாகவும் அது அமைந்துவிடுகிறது. செல்சி விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் புகழ்பெற்றவர்கள் இருந்தும், அவர்களுடைய பெயர்களை அவர் விருதுகளைப் போல மாட்டிக் காட்டுவதில்லை. தம்மைப் புகழேற்றிய 1975ஆம் ஆண்டின் 'ஹார்சஸ்' இசைத்தட்டைப் பற்றிக்கூட, அதன் அட்டைக்கு ராபர்ட் படமெடுத்த பிற்பகல்தான் பெரிதாக வருகிறது. புகழ் வந்த பிந்தைய வாழ்க்கை நூலில் ஏறத்தாழ இல்லை. அந்த விடுதல் நூலைக் காப்பாற்றியிருக்கிறது. ஒவ்வொரு பழைய சட்டையையும் சங்கிலியையும் புனிதப் பொருளாக ஏந்தும் அவருடைய நடை சில பக்கங்களில் திகட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வரிசையில் மறுபடி வாசிக்க நான் எடுத்து வைத்திருப்பது இதைத்தான்.

அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் டு ரன்' 2016இல் வெளியானது. 2009 முதல் ஏழாண்டுகள் தாமே எழுதியது. முன்னுரையின் தொடக்கத்திலேயே, தம் ஊரில் எல்லாவற்றிலும் சிறிது ஏமாற்று கலந்திருக்கும், தாமும் அதற்கு விலக்கல்ல என்று எழுதிவிடுகிறார். தொழிலாளர்களின் குரல் என்று கொண்டாடப்படும் ஒருவர் அதை வேடம் என்று முதலிலேயே ஒப்புக்கொள்வது, 'கான் கேர்ள்' நாயகன் தன் பொய்களை எண்ணிக் காட்டுவதற்கு நெருக்கமான உத்தி. விளைவும் அதேதான், நாம் நம்பத் தொடங்கிவிடுகிறோம். விளக்கணைத்த சமையலறையில் இரவு வெகுநேரம் பீரும் சிகரெட்டுமாகப் பேசாமல் அமர்ந்திருந்த தந்தையும், அவரை வாட்டிய மனநோயின் சாயல் அறுபது வயதைக் கடந்த தம்மையே வீழ்த்திய காலமும் எழுதப்பட்டுள்ள அத்தியாயங்கள் மிகத் துணிவானவை. சுற்றுப்பயணங்களையும் இசைத்தட்டுகளையும் வரிசைப்படி சொல்லும் அத்தியாயங்களைத் தீவிர ரசிகர் அல்லாதோர் தாராளமாகப் புரட்டிவிடலாம்.

பாப் டிலனின் 'க்ரானிக்கிள்ஸ்: வால்யூம் ஒன்' 2004இல் வெளிவந்தது, நாக்ஸின் கட்டளைகள் அனைத்தையும் புன்னகையோடு மீறுவது. 1960களின் தொடக்கத்தில் நியூயார்க் வந்து சேர்ந்ததை, நண்பர் ஒருவர் வீட்டு அலமாரியில் இருந்த புத்தகங்கள் வரை விரித்துச் சொல்பவர், அதற்கடுத்து உலகமே கேட்க விரும்பும் 1965, 1966 ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார். 1966இன் மோட்டார் சைக்கிள் விபத்துக்கு ஓரிரு வாக்கியங்கள்தாம். மாறாக, யாரும் எதிர்பார்க்காத வகையில், 'ஓ மெர்சி' இசைத்தட்டு 1989இல் நியூ ஆர்லியன்ஸில் உருவானதற்கு ஓர் அத்தியாயமே தருகிறார். பிறருடைய நூல்களிலிருந்து எடுத்த சொற்றொடர்கள் இதற்குள் கலந்திருப்பதையும் ஆர்வலர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். வாழ்க்கை வரலாறு வேண்டி வாங்குபவர் ஏமாறுவார். ஆனால் ஒரு பாட்டு ஏன் வர மறுக்கிறது, பதிவரங்கில் இரண்டு பிடிவாதக்காரர்கள் ஒரு தாளக்கட்டுக்காக எப்படி மோதிக்கொள்கிறார்கள் என்பதை இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய நூல் வேறொன்று என் கண்ணில் படவில்லை. உரைநடை என்ற அளவில் இந்த நான்கில் முதலிடம் இதற்கே.

ஒலிநூலாகக் கேட்க விரும்புவோருக்கும் ஒரு குறிப்பு. 'ஜஸ்ட் கிட்ஸ்', 'பார்ன் டு ரன்' இரண்டையும் எழுதியவர்களே வாசித்திருக்கிறார்கள். பேட்டியின் குரலில் அந்தத் திகட்டல் பெரிதும் குறைந்துவிடுகிறது. 'லைஃப்' நூலை ஜானி டெப், ஜோ ஹர்லி, கீத் மூவரும் பகிர்ந்து வாசிக்கிறார்கள். அச்சில் அலுப்பூட்டிய போதைப்பொருள் பக்கங்களைக் குரலில் ஓரளவு தாங்கிக்கொள்ள முடிகிறது. அந்த ஐந்து தந்திப் பாடத்தை மட்டும் அச்சில் வாசிப்பதே நல்லது. நடுநடுவே நிறுத்திப் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, அதே பத்திக்குத் திரும்பிவர வேண்டியிருக்கும்.